மண்டை திறவா மருத்துவம்

உடம்பின் உறுப்புகளுள் தலைமை சான்றது மூளை. காண்பதும் கேட்பதும், நினைப்பதும் பேசுவதும், கை அசைவதும் கால் நடப்பதும் அதன் ஆணைவழியே நிகழ்வன. மூளையின் எடை உடம்பின் முழு எடையில் ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்கே ஆகும். ஆயினும், உடம்பு செலவிடும் பிராணவாயுவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை அது தனக்கென எடுத்துக்கொள்கின்றது. அவ்வாயுவைச் சுமந்து வருவது குருதி. வேண்டும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று சேமித்து வைக்கும் களஞ்சியம் மூளைக்கு இல்லை. வயிறு ஒரு வேளைப் பட்டினியைப் பொறுக்கும். மூளையோ சிறிது நேரப் பட்டினியையும் பொறாது. குருதியோட்டம் முற்றிலும் நின்றால் சில நொடிகளில் நினைவு தப்பும். சில நிமிடங்களில் நரம்பணுக்கள் மடியத் தொடங்கும். மடிந்தவற்றிற்கு ஈடாகப் புதியவை தோன்றுதல் அரிது.

இத்துணை அருமையான உறுப்பை இயற்கை காவலின்றி விட்டுவைக்கவில்லை. உறுதியான மண்டையோட்டினுள் வைத்து அதனைப் போற்றுகின்றது. ஆனால், பகைவனைத் தடுக்கும் கோட்டை நண்பனையும் தடுக்கும் அன்றோ? மூளையினுள் நோய் தோன்றியபோது அக்கோட்டையே மருத்துவனுக்குத் தடையாக நின்றது. எலும்பைத் துளைத்து உட்புகுவது ஒன்றே வழி என்று நெடுங்காலம் கருதப்பட்டது. எனினும், அக்கோட்டைக்குள் இரவும் பகலும் தடையின்றிச் செல்லும் வழி ஒன்று முன்பே இருந்தது. அது குருதி செல்லும் வழி. அவ்வழியே சென்று, மண்டையைத் திறவாமலே மூளையின் குருதிக் குழாய்களைச் செப்பனிடும் மருத்துவம் இன்று பல நாடுகளில் நடைபெறுகின்றது. பல நாட்டு அறிஞர் ஒருவர்பின் ஒருவராய் நின்று அதனை உருவாக்கிய வரலாறு அறியத்தக்கது. அதன் பயன் நோயாளியை அடைவதற்கு, அருகிலிருப்போர் செய்யவேண்டிய பணி ஒன்று உண்டு என்பதும் அறியத்தக்கது.

குருதி செல்லும் வழி

குருதி இதயத்திலிருந்து புறப்பட்டு, உடம்பெங்கும் சுற்றி, மீண்டும் இதயத்தையே அடைகின்றது என்னும் உண்மையை இங்கிலாந்து நாட்டு மருத்துவர் வில்லியம் ஹார்வி 1628ஆம் ஆண்டில் நூல் எழுதி நிலைநாட்டினார். இதயத்திலிருந்து குருதியைக் கொண்டுசெல்லும் குழாய்கள் தமனிகள் எனப்படும். இதயத்திற்குத் திருப்பிக் கொண்டுவருவன சிரைகள் எனப்படும். மூளைக்குச் செல்லும் பெருந்தமனிகள் நான்கு. கழுத்தின் முற்பக்கத்தில் வலமும் இடமுமாக இரண்டும், பிற்பக்கத்தில் கழுத்தெலும்புகளின் துளைகளினூடே இரண்டும் மேலேறுகின்றன. இவற்றின் கிளைகள் மூளையின் அடிப்புறத்தில் ஒன்றோடொன்று இணைந்து வளையமாகின்றன. ஆக்ஸ்போர்டில் வாழ்ந்த தாமஸ் வில்லிஸ் என்னும் மருத்துவர், 1664ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலில் அவ்வளையத்தைத் தெளிவாக விளக்கினார். அந்நூலுக்குப் படம் வரைந்து உதவியவர் கிறிஸ்டோபர் ரென். இலண்டன் மாநகரின் செயின்ட் பால் பேராலயத்தைப் பிற்காலத்தில் வடிவமைத்த சிற்பியும் அவரே. அவ்வளையம் இன்றும் வில்லிஸ் வளையம் என்றே வழங்குகின்றது.

வாய்க்கால்கள் பல ஒரு குளத்தோடு இணைந்திருப்பின், ஒன்று தூர்ந்தாலும் மற்றவற்றின் நீரால் வயல் விளையும். அதுபோல, வளையத்திற்குக் கீழே ஒரு தமனி மெல்ல மெல்ல அடைபட்டாலும் மற்றவை பலருக்கு ஓரளவு ஈடுசெய்யும். ஆனால், வளையத்தைக் கடந்து மேலே செல்லும் கிளை ஒன்று திடீரென அடைபடுமாயின், அதனை நம்பியிருந்த மூளைப் பகுதி மடைநீர் நின்ற பயிர்போல வாடிவிடும்.

மூவகைக் கேடுகள்

மூளையின் குருதிக் குழாய்களுக்கு நேரும் கேடுகளுள் மூன்று சிறப்பாகக் குறிப்பிடத்தக்கவை.

முதலாவது, அடைப்பு. இதயத்தில் உறைந்த குருதிக்கட்டி ஒன்று ஓட்டத்தோடு வந்து மூளைத் தமனியில் சிக்கிக்கொள்ளலாம். அல்லது, கொழுப்புப் படிந்து குறுகிய தமனியிலேயே குருதி உறைந்து வழியை மூடலாம். அப்போது கைகால்கள் செயலிழக்கும், வாய் கோணும், பேச்சுக் குழறும். இதுவே பக்கவாதம். பக்கவாதமுற்றோரில் பெரும்பாலோர்க்குக் காரணம் இவ்வடைப்பே.

இரண்டாவது, புடைப்பு. ஆறு இரண்டாகப் பிரியும் இடத்தில் நீர் மோதிக் கரை நலிவது போல, தமனி கிளைக்கும் இடத்தில் அதன் சுவர் நலிந்து, சிறு மொட்டைப் போலப் புடைத்துக்கொள்வதுண்டு. மருத்துவர் இதனை அனியூரிஸம் என்பர். வளர்ந்தோருள் நூற்றில் ஏறத்தாழ மூவர்க்கு இத்தகைய புடைப்பு உண்டு எனக் கணக்கிட்டுள்ளனர். அவற்றுட் பெரும்பாலானவை வாழ்நாள் முழுதும் வெடிப்பதில்லை. வெடித்தாலோ, குருதி மூளையைச் சூழ்ந்து பரவும். முன்பு ஒருபோதும் கண்டிராத கொடிய தலைவலி நொடிப்பொழுதில் தோன்றும். பலர் உயிரிழப்பர். பிழைத்தோர்க்கும், புடைப்பை அடைக்காவிடின், மறுமுறை வெடிக்கும் அச்சம் உண்டு.

மூன்றாவது, பின்னல். தமனிக்கும் சிரைக்கும் இடையே மயிரினும் நுண்ணிய குழாய்கள் இருந்து குருதியின் வேகத்தைத் தணிப்பது இயல்பு. சிலர்க்கு மூளையின் ஒரு பகுதியில் அந்நுண்குழாய்கள் இன்றித் தமனியும் சிரையும் நேரே பின்னிக் கிடக்கும். தமனியின் வேகத்தைத் தாங்க இயலாத சிரை, ஒருநாள் உடைந்து குருதியைச் சொரியலாம்.

இம்மூன்றிலும் நோய் குழாயில்தான் தோன்றுகின்றது. ஆகவே, குழாயின் வழியே சென்று நோயைத் தீர்த்தல் இயலுமோ என்று அறிஞர் எண்ணினர். அதற்கு முதற்கண் குழாயைக் காணவேண்டும். பிறகு அதனுள் செல்லவேண்டும். அதன் பிறகே அங்குத் தொழில் செய்யவேண்டும்.

காணும் வழி

1895ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் ராண்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டறிந்தார். அக்கதிர்களால் எடுத்த படத்தில் எலும்பு தெரிந்தது. ஆனால் குருதிக் குழாய் தெரியவில்லை. மண்டையோட்டின் நிழலே கண்ணுக்குப் புலனாயிற்று. உள்ளிருந்த ஆயிரம் கிளைகளும் மறைந்தே கிடந்தன.

போர்ச்சுகல் நாட்டின் லிஸ்பன் நகரில் ஏகாஸ் மோனிஸ் என்னும் மருத்துவப் பேராசிரியர் இருந்தார். எக்ஸ் கதிரைத் தடுக்கும் நீர்மம் ஒன்றைக் கழுத்துத் தமனியிற் செலுத்தினால், அது செல்லும் வழியெல்லாம் படத்தில் நிழலாக விழும் அன்றோ என அவர் கருதினார். கீல்வாதத்தால் அவர் கைகள் கோணியிருந்தன. நுண்ணிய வேலையைத் தாமே செய்ய இயலவில்லை. எனவே, அல்மெய்டா லிமா என்னும் இளம் மருத்துவர் அவருக்குக் கையாக நின்றார். முதலில் பயன்படுத்திய நீர்மம் தீங்கு விளைத்தது. நோயாளி ஒருவர் உயிரிழந்தார். மோனிஸ் அதனைக் கைவிட்டு, அயோடின் கலந்த வேறொரு நீர்மத்தை ஆராய்ந்து தேர்ந்தார். 1927ஆம் ஆண்டில், உயிருள்ள மனிதனின் மூளைத் தமனிகள், இலையுதிர்ந்த மரத்தின் கிளைகளைப் போலப் படத்தில் தோன்றின. மறைந்திருந்த வழி வெளிப்பட்டது. மோனிஸ் பயன்படுத்திய நீர்மம் பிற்காலத்தில் வழக்கொழிந்தது. ஆனால், அதனினும் தீங்கு குறைந்த அயோடின் மருந்துகள் இன்றும் அப்பணியைச் செய்கின்றன.

செல்லும் வழி

காண்பதற்கு வழி பிறந்தது. செல்வதற்கு வழி வேண்டுமே! உயிருள்ள மனிதனின் குருதிக் குழாயினுள் வேறொரு குழாயைச் செலுத்தினால் உயிர் போய்விடும் என்று பலர் அஞ்சினர். 1929ஆம் ஆண்டில், ஜெர்மனியின் எபர்ஸ்வால்டே என்னும் சிற்றூர் மருத்துவமனையில் பணிபுரிந்த வெர்னர் போர்ஸ்மன் என்னும் இளைஞர், மேலாளர் தடுத்தும் கேளாது, தம் இடக்கையின் சிரையைத் திறந்து, மெல்லிய இரப்பர்க் குழாய் ஒன்றை ஏறத்தாழ 65 சென்டிமீட்டர் நீளம் தாமே செலுத்திக்கொண்டார். குழாய் உள்ளே இருக்கும்போதே எக்ஸ் கதிர் அறைக்கு நடந்து சென்று படம் எடுக்கச் செய்தார். குழாயின் முனை இதயத்தினுள் இருந்தது. அவரோ உயிரோடு நின்றார். அவரைப் பாராட்டியோர் சிலர், பழித்தோர் பலர். 27 ஆண்டுகள் கழித்து, 1956ஆம் ஆண்டில், அச்செயலுக்காக அவருக்கு நோபல் பரிசின் ஒரு பங்கு கிடைத்தது. உயிரைப் பணயம் வைத்த அவர் துணிவு பிறர் பின்பற்றத்தக்கதன்று. ஆயினும், அது உலகினரின் வீணச்சத்தைப் போக்கியது.

குழாயைச் செலுத்தத் தோலையும் தசையையும் அகலமாக அறுக்கவேண்டியிருந்த குறையைச் சுவீடன் நாட்டவரான செல்டிங்கர் 1953ஆம் ஆண்டில் நீக்கினார். அவர் கண்ட முறை மிக எளிது. முதலில் தமனியில் ஊசியைக் குத்துவர். ஊசியின் துளைவழியே மெல்லிய கம்பியை உட்செலுத்துவர். பின்பு ஊசியை உருவிவிட்டுக் கம்பியை அங்கேயே நிறுத்துவர். கம்பியின்மேல் குழாயைக் கோத்துத் தள்ளினால், கம்பி வழிகாட்டக் குழாய் தமனியினுள் சென்றுவிடும். இறுதியில் கம்பியையும் உருவிவிடலாம். பெரிய காயம் வேண்டிய இடத்தில் ஊசித் துளை ஒன்றே போதுமானதாயிற்று. இன்று உலகெங்கும் இம்முறையே கையாளப்படுகின்றது. உட்செல்லும் அந்நுண்குழாயைக் கதீட்டர் என்பர்.

பலூனும் சுருளும்

காணவும் செல்லவும் இயன்றபின், அங்குத் தொழில் செய்யும் காலம் பிறந்தது. 1960ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் லூசன்ஹாப், மூன்றாவது வகைக் கேடாகிய பின்னலை அடைக்க ஓர் உபாயம் செய்தார். பின்னல் மற்றப் பகுதிகளைவிட மிகுதியான குருதியைத் தன்பால் ஈர்ப்பது. ஆதலால், கழுத்துத் தமனியில் சிறு உருண்டைகளை விட்டால், ஓட்டமே அவற்றைப் பின்னலுக்குக் கொண்டுசெல்லும் என அவர் எண்ணினார். அவ்வாறே செய்தும் காட்டினார். ஆனால், விட்ட உருண்டையைத் திருப்பி அழைக்க இயலாது. அது வழிதவறி நல்ல கிளையை அடைக்கவும் கூடும். செலுத்துவோன் கையில் கடிவாளம் இருத்தல் வேண்டும் என்பது தெளிவாயிற்று.

அக்கடிவாளத்தை அமைத்தவர் மாஸ்கோ நகரின் புர்டென்கோ நரம்பு அறுவை நிலையத்தில் பணிபுரிந்த செர்பினென்கோ. மே நாள் விழாவில் சிறுவர்கள் நூலில் கட்டிப் பிடித்திருந்த பலூன்கள் காற்றில் அசைவதைக் கண்டபோது இவ்வெண்ணம் அவருக்குத் தோன்றியது என்பர். நூலைப் பற்றிய கை பலூனைத் திருப்புவது போல, கதீட்டரின் முனையிலுள்ள மிகச் சிறு பலூனைக் குருதியோட்டத்தில் மிதக்கவிட்டு வேண்டிய கிளைக்குச் செலுத்தலாம் அன்றோ? அவர் பலூன்களைத் தாமே உருவாக்கினார். வேண்டிய இடத்தில் அதனை நிரப்பி, கதீட்டரிலிருந்து பிரித்து, அங்கேயே விட்டுவரவும் வழி கண்டார். முந்நூற்றுக்கும் மேற்பட்ட நோயாளருக்கு இம்முறையைக் கையாண்ட அனுபவத்தை 1974ஆம் ஆண்டில் ஆங்கில இதழ் ஒன்றில் வெளியிட்டார். உலக மருத்துவர் வியந்தனர். பலர் அவர் வழியைப் பின்பற்றினர்.

எனினும், புடைப்பை அடைப்பதற்குப் பலூன் முற்றும் பொருந்தவில்லை. புடைப்புகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வடிவின. பலூனோ தன் வடிவையே நாடுவது. மெல்லிய சுவரை அழுத்தி உடைத்துவிடவும் கூடும். அக்காலத்தில் புடைப்புக்கு உறுதியான மருத்துவம் மண்டையைத் திறப்பதாகவே இருந்தது. 1937ஆம் ஆண்டில் அமெரிக்க அறுவை மருத்துவர் வால்ட்டர் டான்டி, மண்டையைத் திறந்து புடைப்பின் கழுத்தில் வெள்ளிக் கவ்வி ஒன்றைப் பொருத்தி அதனை அடைத்தார். அவ்வழி நாளடைவில் திருத்தம் பெற்றுப் பல்லாயிரவர் உயிரைக் காத்தது.

உட்புறமிருந்தே புடைப்பை அடைக்கும் வழியை இத்தாலி நாட்டவரான குல்யெல்மி கண்டார். மின்னோட்டத்தால் புடைப்பினுள் குருதியை உறையச் செய்யலாமா என அவர் உரோமாபுரியில் ஆராய்ந்துவந்தார். அப்போது ஒருமுறை, உட்செலுத்திய கம்பியின் முனை மின்னோட்டத்தால் அரிக்கப்பட்டுத் தானே கழன்று உள்ளே தங்கிவிட்டது. பிறர் இதனைப் பிழை என்று தள்ளியிருப்பர். குல்யெல்மியோ அதனைப் பயன் என்று கொண்டார். பின்னர் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பணியேற்று, நூலினும் மெல்லிய பிளாட்டினச் சுருளை எஃகுக் கம்பியின் முனையில் இணைத்துக் கருவி அமைத்தார். சுருளைப் புடைப்பினுள் செலுத்துவர். அது அப்புடைப்பின் வடிவுக்கு ஏற்ப வளைந்து சுருண்டுகொள்ளும். நன்கு பொருந்தாவிடின் வெளியே இழுத்து மீண்டும் செலுத்தலாம். பொருந்தியபின் சிறு மின்னோட்டம் விடுவர். எஃகு இணைப்பு அரிக்கப்பட்டுச் சுருள் கழன்று அங்கேயே தங்கும். கரையின் உடைப்பில் மண்மூட்டைகளை அடுக்குவது போல, ஒன்றன்பின் ஒன்றாகச் சுருள்களை நிரப்பினால், உள்ளே குருதி உறைந்து புடைப்பு அடைபடும். 1990ஆம் ஆண்டில் இக்கருவி முதன்முதலில் நோயாளிக்குப் பயன்பட்டது. 1995ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு அதனைப் பொதுப் பயன்பாட்டிற்கு ஏற்றது.

பின்னலுக்கும் இன்று புதுவழிகள் உண்டு. நுண்குழாய் வழியே பசைபோன்ற நீர்மத்தைச் செலுத்தி, அது உள்ளே இறுகிப் பின்னலை அடைக்குமாறு செய்கின்றனர். வாய் அகன்ற புடைப்புகளுக்கு, நெருங்கப் பின்னிய உலோக வலைக்குழல் ஒன்றைத் தமனியினுள் விரித்து, புடைப்பினுள் செல்லும் ஓட்டத்தை நேர்வழிக்குத் திருப்புகின்றனர்.

உரைகல்

புதியது என்னும் காரணத்தால் ஒரு மருத்துவம் நல்லதாகிவிடாது. பழையதோடு ஒப்பிட்டு உரைத்துப் பார்த்தல் வேண்டும். புடைப்பு வெடித்த நோயாளருள், இருவகை மருத்துவத்திற்கும் ஏற்றவர் என்று மருத்துவர் கருதிய 2,143 பேரைப் பல நாட்டு மருத்துவமனைகளில் இரு பிரிவாக்கி ஆராய்ந்தனர். ஒரு பிரிவினர்க்கு மண்டையைத் திறந்து கவ்வி பொருத்தப்பட்டது; மற்றப் பிரிவினர்க்குக் குழாய்வழியே சுருள் வைக்கப்பட்டது. 2002ஆம் ஆண்டில் முடிவு வெளியாயிற்று. ஓராண்டிற்குப் பின், இறந்தோரும் பிறர் உதவியின்றி வாழ இயலாதோரும் கவ்விப் பிரிவில் நூற்றுக்கு ஏறத்தாழ 31 பேர். சுருள் பிரிவில் ஏறத்தாழ 24 பேர். நூற்றுக்கு எழுவர் என்பது சிறு தொகையாகத் தோன்றலாம். அவ்வெழுவரின் குடும்பங்களுக்கு அது சிறிதன்று.

ஆயினும், சுருள் வைத்த புடைப்பு சிலர்க்கு மீண்டும் திறப்பதுண்டு. அதனால் பின்னரும் படம் எடுத்துப் பார்த்தல் வேண்டும். மறுமுறை மருத்துவம் செய்யவும் நேரும். புடைப்பின் இடம், வடிவு, நோயாளியின் வயது ஆகியவற்றை நோக்கி, இரண்டினுள் ஏற்றதை மருத்துவர் தேர்கின்றனர். கவ்வி இன்றும் கைவிடப்படவில்லை. குழாய்வழி மருத்துவத்திலும் ஆபத்து இல்லாமல் இல்லை. தமனி கிழியலாம், புதிய அடைப்பு உண்டாகலாம், அயோடின் மருந்து சிலருடைய சிறுநீரகத்தைத் தாக்கலாம். இவற்றை அறிந்து அஞ்சுவது அஞ்சிச் செய்யும் மருத்துவரே சிறந்தவர்.

அடைப்பை நீக்கும் முறை

முதல்வகைக் கேடாகிய அடைப்புக்குத் தீர்வு நெடுங்காலம் கிட்டவில்லை. 1995ஆம் ஆண்டில், குருதிக்கட்டியைக் கரைக்கும் மருந்தை மூன்று மணி நேரத்திற்குள் கைச்சிரையிற் செலுத்தினால் பயன் உண்டு என்று அமெரிக்க ஆராய்ச்சி ஒன்று நிறுவியது. பின்னர் அக்கால எல்லை நாலரை மணி நேரம்வரை நீண்டது. ஆனால், பெருந்தமனியில் சிக்கிய பெரிய கட்டிகள் அம்மருந்துக்கு எளிதில் கரைவதில்லை.

கிணற்றில் விழுந்த வாளியைப் பாதாளக் கரண்டி விட்டு எடுப்பதை ஊர்ப்புறத்தார் அறிவர். கண்ணுக்குப் புலப்படாத ஆழத்தில் கரண்டியைத் துழாவவிட்டு, வாளி சிக்கியதும் மெல்ல இழுப்பர். ஏறத்தாழ அவ்வாறே மூளைத் தமனியில் சிக்கிய கட்டியையும் எடுக்கின்றனர். தொடையிடுக்கிலோ மணிக்கட்டிலோ உள்ள தமனியில் ஊசித் துளையிட்டுக் கதீட்டரைச் செலுத்துவர். அது மார்பின் பெருந்தமனி வழியே ஏறிக் கழுத்தை அடையும். அதனுள்ளிருந்து, மில்லிமீட்டரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பருமனுள்ள கம்பி வழிகாட்ட, அதனினும் சற்றுப் பருத்த நுண்குழாய் மூளைத் தமனிக்குச் செல்லும். எக்ஸ் கதிர்த் திரையில் ஒவ்வோர் அசைவையும் நோக்கியே மருத்துவர் கைகள் இயங்கும். நுண்குழாய் கட்டியைக் கடந்ததும், மடங்கியிருந்த உலோக வலையை அங்கு விரிப்பர். வலையின் கண்களில் கட்டி சிக்கும். வலையோடு கட்டியையும் வெளியே இழுத்துவிடுவர். பருத்த குழாயால் கட்டியை உறிஞ்சி எடுப்பதும் உண்டு.

நெதர்லாந்து நாட்டில் 500 நோயாளரைக் கொண்டு நிகழ்த்திய ஆராய்ச்சியின் முடிவு 2015ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அச்சேறியது. வழக்கமான மருத்துவம் மட்டும் பெற்றோருள், மூன்று மாதத்திற்குப் பின் தம் காரியங்களைத் தாமே செய்துகொள்ள வல்லவரானோர் நூற்றுக்கு 19 பேர். அதனோடு கட்டியை எடுக்கும் மருத்துவமும் பெற்றோருள் அவ்வாறானோர் நூற்றுக்கு 33 பேர். அதே ஆண்டில் வெளியான வேறு நான்கு ஆராய்ச்சிகளும் இவ்வுண்மையை உறுதிசெய்தன. முதலில் ஆறு மணி நேரத்திற்குள் செய்யவேண்டுமென்று கொள்ளப்பட்ட இம்மருத்துவம், படம் எடுத்துப் பார்த்துத் தேர்ந்தெடுக்கப்பட்ட சிலர்க்கு 24 மணி நேரம் வரையிலும் பயன்படும் என்பது 2018ஆம் ஆண்டில் தெரியவந்தது.

காலமே உயிர்

24 மணி நேரம் என்பது கேட்டுச் சோம்பியிருத்தல் பெரும்பிழை. அந்நீட்டிப்பு எல்லார்க்கும் உரியதன்று. மூளையின் பெரும்பகுதி இன்னும் மடியாதிருக்கும் சிலர்க்கே உரியது. பெருந்தமனி அடைபட்ட ஒருவருக்கு மருத்துவம் செய்யாதுவிடின், நிமிடம் ஒன்றுக்கு ஏறத்தாழ 19 இலட்சம் நரம்பணுக்கள் மடிகின்றன என 2006ஆம் ஆண்டில் ஓர் அறிஞர் கணக்கிட்டார். மோனிஸ் முதல் குல்யெல்மி ஈறாக அறிஞர் பலர் பல்லாண்டு உழைத்துத் தேடிய வழி, நோயாளி காலந்தாழ்த்தி வந்தால், பயனின்றிப் போகும்.

மருத்துவம் என்பது நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து உதவுவோன் என்னும் நான்கு பகுதிகளை உடையது என்று திருவள்ளுவர் வகுத்தார். அந்நான்காம் பகுதிக்கு உரியவர் வீட்டிலுள்ளோரே. வீட்டில் உள்ள சிறுவனும் சிறுமியும் அப்பணிக்கு ஏற்றவர். அவர்கள் அறிந்திருக்கவேண்டியவை சிலவே. ஒருவருடைய முகம் திடீரென ஒருபுறம் கோணுகின்றதா? இரு கைகளையும் உயர்த்தச் சொன்னால் ஒரு கை தானே தாழ்கின்றதா? பேச்சுக் குழறுகின்றதா? இவற்றுள் ஒன்று கண்டாலும் அதனைப் பக்கவாதம் என்றே ஐயுறல் வேண்டும். இதுவரை காணாத கொடிய தலைவலி திடீரெனத் தோன்றினும் அவ்வாறே அஞ்சவேண்டும். சற்று நேரத்தில் குறி மறைந்துவிடினும் புறக்கணித்தல் கூடாது.

அக்குறிகளைக் கண்டதும் செய்யத்தக்கவை மூன்று. முதலாவது, கடிகாரத்தை நோக்குதல். அவர் கடைசியாக நன்றாயிருந்த நேரம் எது என்பதைக் குறித்துவைத்து மருத்துவரிடம் சொல்லவேண்டும். மருத்துவத்தின் போக்கை அதுவே பெரிதும் முடிவுசெய்கின்றது. இரண்டாவது, உடனே ஊர்தியை அழைத்தல். தமிழ்நாட்டில் 108 என்னும் தொலைபேசி எண்ணை அழைத்தால் ஆம்புலன்சு ஊர்தி கட்டணமின்றி வரும். மூளையைப் படம் எடுக்கும் சி.டி. ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்கு நோயாளியைக் கொண்டுசெல்லுதல் நன்று. மூன்றாவது, வாய்வழி ஒன்றும் கொடாதிருத்தல். விழுங்கும் ஆற்றல் குன்றியவர்க்குச் சோடாவோ காப்பியோ புகட்டினால் அது மூச்சுக்குழலில் இறங்கும். மாத்திரை எதுவும் தாமாகக் கொடுத்தலும் ஆகாது. அடைப்போ உடைப்போ என்பது படம் எடுத்த பின்னரே தெரியும். அடைப்புக்கு மருந்தாவது உடைப்புக்கு நஞ்சாகலாம். விடியட்டும், மாலைக்குள் சரியாகிவிடும், பெரியவர் வரட்டும் என்று காத்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் மூளையின் ஒரு பகுதியை விலையாகக் கொள்கின்றது.

வருமுன் காத்தல் அனைத்தினும் மேலானது. குருதியழுத்தத்தை அளந்து அடக்கி வைத்தலும், புகையிலையை அறவே விலக்கலும், நீரிழிவைக் கட்டுப்படுத்தலும், நாள்தோறும் நடத்தலும் மூளைத் தமனிகளை நெடுநாள் காக்கும்.

ஹார்வி குருதியின் ஓட்டத்தை உணர்த்தினார். வில்லிஸ் அதன் வழியைக் காட்டினார். மோனிஸ் அவ்வழியைப் படம் பிடித்தார். போர்ஸ்மன் அச்சத்தைப் போக்கினார். செல்டிங்கர் வாயிலைத் திறந்தார். செர்பினென்கோ உள்ளே பலூனை நடத்தினார். குல்யெல்மி சுருளை இட்டார். இவருள் பலர் ஒருவரையொருவர் கண்டதில்லை. ஒருமொழி பேசியவரும் அல்லர். ஆயினும், ஒருவர் விட்ட இடத்திலிருந்தே மற்றவர் தொடங்கினார். அச்சங்கிலியின் கடைசிக் கண்ணி, நோயுற்றவர் அருகில் நிற்பவரின் கையில் இருக்கின்றது. அக்கண்ணி அறுபடாதிருப்பின், மண்டையைத் திறவாமலே ஓர் உயிர் காக்கப்படும். ஒரு குடும்பம் வாழும்.